கணீர் அக்காவும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டும்

கணீர் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பதிவேட்டை எழுதுகிற கிளார்க்கைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரை வாயில் எடுத்து நான் கேட்டதில்லை. மாவு மில்லின் லாரி முற்றத்தில் நின்று அவர் ஒரு தரம் குரல் கொடுத்தால் போதும். அரைவை இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டி, கடைசி வரிசையில் லாரிக்குப் பக்கத்தில் துண்டை விரித்துத் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தேடுவார்.

வேலை இதுதான். எங்கள் மில்லுக்கு இரண்டு கேட். பழைய கேட், புது கேட். ஒவ்வொரு கேட்டுக்கும் உள்ளே மூட்டை ஏற்றுகிற மேடைகள் நான்கு. ஆக இரண்டு ஒன்றாம் மேடை, இரண்டு இரண்டாம் மேடை என்று எல்லாமே இரட்டைப் பிள்ளைகள். உள்ளே வருகிற ஒவ்வொரு லாரிக்கும் ஒரு டோக்கன் எண் கிடைக்கும். ஒரு மேடை காலியானதும் அடுத்து எந்த லாரி என்று முடிவு செய்து கூப்பிட வேண்டியது அக்கா. யாருக்கு எந்த ரக மாவு, யார் வெகுதூரம் போக வேண்டும், யாருக்கு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாது, எல்லாம் அவர் மனத்தில் இருக்கும். ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மதிலுக்கு அந்தப் பக்கம் பிரசவ ஆஸ்பத்திரி.

"அங்க பொறக்கிற புள்ளைங்க காதுல மொதல்ல விழுறது அம்மா குரல் இல்லக்கா, உங்க குரல்தான்" என்பார் மீசைக்கார டிரைவர்.

"அதான் எல்லாம் ஒழுங்கா வரிசையில நிக்குதுங்க. உங்கள மாதிரியா?" என்பார் அக்கா.

கூப்பிடுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. முதலில் கேட். பிறகு மேடை. கடைசியில் டோக்கன். "புது கேட்டூ... மூணூ... டோக்கன் நாப்பத்தேழூ!" எவ்வளவு அவசரமானாலும் இந்த வரிசை மாறாது. புது கேட் வரிசையில் முதலாவதாக நிற்கிற லாரியைக் கூப்பிடும்போதுகூட 'புது கேட்டூ' என்று தொடங்குவார். அதை ஒரு ராகம் என்றே நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

அக்கா மில்லுக்கு வந்தது பத்தொன்பது வயதில், மேடையில் சிந்திய மாவைக் கூட்டுகிற வேலைக்கு. அப்போது முற்றத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். காலை பத்து மணிக்குள் இரண்டு கேட்டும் அடைத்துக்கொண்டன. ஹாரன் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இந்தப் பெண் மூட்டை அடுக்கின் மேல் ஏறி நின்று கத்த ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. மத்தியானத்துக்குள் முற்றம் காலி. மறுநாள் துடைப்பத்தை எடுக்கப் போனபோது அப்போதைய மேனேஜர் தடுத்து, "அத வைம்மா. மேல ஏறு" என்றாராம். அன்றிலிருந்து பதினெட்டு வருடம். சாக்குத் தைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் இந்தக் குரலைக் கேட்டே பெண் கேட்டு வந்தார் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் இப்போதும் அதே பிரிவில்தான் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் தையல் மாமா.

"குரலக் கேட்டுட்டா கல்யாணம் பண்ணீங்க மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தூரத்துல இருந்து கேக்குறப்ப நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள" என்றார்.

நான் இந்த மில்லுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆபீசில் கம்ப்யூட்டர் உதவியாளர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. வயலில் வேலை முடிந்து சேற்றுக் காலோடு வந்து என் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்தவர் என் அப்பா. பட்டம் என் பெயரில் இருந்தாலும் அட்டை அவர் போட்டது. கல்லூரியில் மற்றவர்கள் வழவழப்பான மென்பொருள்களைப் பிடித்துக்கொண்டு போனபோது நான் அசெம்பிளி மொழியைப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரின் மூளையான சில்லுக்கு நேராகப் புரிகிற மொழி அது. ஒரு வரிக்கு ஒரு வேலை. 'இந்த எழுத்தை எடு. திரையில் போடு. அடுத்ததற்குப் போ. பூஜ்யம் வந்தால் நில்.' வயலில் வளர்ந்தவனுக்கு இது அந்நியமாகவே தோன்றவில்லை. மடை திறக்கிறவனிடம் யாரும் தத்துவம் பேசுவதில்லை. எந்த மடை, எவ்வளவு நேரம், அவ்வளவுதான்.

எட்டு மேடைகளிலும் ஒவ்வொரு திரை ஏற்கெனவே உண்டு. நான் வருவதற்கு முன்பு நிர்வாகம் மாட்டியது. டோக்கன் எண்ணைத் திரையில் காட்டுவது திட்டம். ஒவ்வொரு திரைக்குக் கீழும் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு கம்ப்யூட்டர். ஆனால் மாவு மில்லில் மாவு போகாத இடம் எது? ஹார்டு டிஸ்க் சுழலும்போது மாவையும் சேர்த்து இழுத்து ஒவ்வொன்றாக இறுகி நின்றுபோனது. மாற்றிப் போட்டார்கள். அதுவும் போனது. அதன் பிறகு எட்டுத் திரையும் கறுப்பாகவே இருந்தன. டிரைவர்கள் அதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்வார்கள். அக்காவின் வேலை என்றும்போல நடந்தது.

ஒரு திங்கட்கிழமை, 'பழைய கேட்டூ' என்று தொடங்கிய குரல் பாதியில் கிழிந்தது. டிரைவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். வியாழக்கிழமை வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னதை மாமாதான் ஆபீசில் வந்து சொன்னார். "மம்பட்டி புடிச்சா கையில காய்ப்பு வருதுல்ல, அது மாதிரி தொண்டையில வந்திருக்காம். ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். ரகசியமாகூடப் பேசக் கூடாதாம் சார். அதுக்கப்புறம் பேசலாம். ஆனா மறுபடி கத்துனா மறுபடி வருமாம். ரெண்டாவது தடவ வந்தா குரல் திரும்புறது கஷ்டம்ங்கிறாரு."

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு லாரி நகர வேண்டும். "ஒன்னாந்தேதியில இருந்து வேற ஒருத்தர் வர்றாரு. அதுவரைக்கும் யாரையாவது வச்சு ஓட்டலாம். அக்காவ உங்க தையல் பிரிவுக்கே மாத்திடறேன். நிழல்ல வேல, பக்கத்துலயே நீங்க. என்னம்மா?"

அக்கா கையில் மகளின் பழைய சிலேட்டு இருந்தது. குனிந்து எழுதி எங்கள் பக்கம் திருப்பினார்.

'வீட்டில் பக்கத்தில் இருப்பது போதாதா?'

மேனேஜர் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அழித்துவிட்டு இன்னொரு வரி எழுதினார்.

'முற்றம் என்னுடையது. கத்தாமல் செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.'

எழுதும்போது அக்கா அச்சுத் தமிழில்தான் எழுதுவார். பள்ளிக்கூடம் அவரை அப்படித்தான் அனுப்பி வைத்திருந்தது. பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே அவரிடம் ஒரு கதவு உண்டு.

எனக்கு ஜன்னல் வழியே கறுப்புத் திரைகள் தெரிந்தன. ஒரு எண்ணைக் காட்டுவதற்கு அந்தப் பெட்டிக்குள் எத்தனை பெரிய மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்! ஒரு ஆளுக்குக் கடிதம் கொண்டுபோக ஒரு ரயிலையே அனுப்புவதுபோல. ஹார்டு டிஸ்க் எதற்கு? சுழலாத ஒரு பென் டிரைவ் போதும். அதிலும் முதல் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் போதும்.

"சார், வழி இருக்கு" என்றேன்.

கம்ப்யூட்டர் கண் விழித்ததும் செய்கிற முதல் காரியம் இது: சேமிப்பின் முதல் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டை எடுத்துப் பார்க்கும். பைட் என்றால் ஓர் எழுத்துக்குரிய இடம் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு பைட்டில் ஒரு முத்திரை இருக்க வேண்டும். முத்திரை சரியாக இருந்தால் முன்னால் எழுதியிருப்பதை எதிர்க்கேள்வி கேட்காமல் செய்யும். இதற்குப் பூட்லோடர் என்று பெயர். வழக்கமாகப் பெரிய மென்பொருளைத் தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. எனக்கோ எழுப்ப வேண்டிய ஆளே கிடையாது. திரையில் எழுத்தைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மேனேஜர் முழுதும் கேட்டார். "எத்தன நாளு?"

"ஒன்னாந்தேதிக்குள்ள முடிச்சிடுவேன் சார்."

"சரி. அதுவரைக்கும் முற்றத்துல யாரு கத்துறது?" அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் நின்றது. "ஐடியா சொன்னவர்தான்."

அப்படித்தான் நான் மூட்டை அடுக்கின் மேல் ஏறினேன். என் குரல் ஒரு தண்ணீர்க் குழாயில் காற்று வருவதுபோல இருக்கும். முதல் நாளே மீசைக்காரர் காதுக்குக் கை கொடுத்து, "தம்பி, மனசுக்குள்ள பேசிக்கிறீங்களா, எங்களையா கூப்பிடறீங்க?" என்றார். அக்கா கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த லாரி எங்கே என்று சிலேட்டில் எழுதிக் காட்டுவார். நான் அதைக் கத்துவேன். பகலில் கத்தல், இடைவேளையில் நிரல். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "எழுத்து வர வைக்கத்தான் நாலு வருசம் படிச்சியா? பெட்டியத் தட்டினா தானா வருமே" என்றார். "தானா வர்றத எழுதுனதே ஒருத்தன்தாம்மா" என்றேன். "அப்ப சரி, நல்லா எழுது" என்று வைத்துவிட்டார்.

நன்றாகத்தான் எழுதினேன். திரையின் தலையில் சின்னதாக ஒரு வரி: கேட்டின் பெயரும் மேடை எண்ணும். அந்த ஆரம்ப நிலையில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் 'புது' என்பதையும் 'பழைய' என்பதையும் ஆங்கில எழுத்தில் அடித்தேன். அதற்குக் கீழே டோக்கன் எண். முற்றத்தின் கடைசியிலிருந்து தெரிய வேண்டுமே, அதனால் ஒவ்வொரு இலக்கத்தையும் கட்டம் கட்டமாக அடுக்கி வரைந்தேன். ஓர் இலக்கத்துக்கு ஐந்து வரிசை, ஒரு வரிசைக்கு ஒரு பைட். பத்து இலக்கத்துக்கும் ஐம்பது பைட்டில் ஒரு பட்டியல். மேடையில் நிற்கிற ஆள் கீபோர்டில் இரண்டு இலக்கத்தைத் தட்டினால் திரை நிறைய அந்த எண் வரும். மின்சாரம் போய் வந்தாலும் இரண்டு விநாடியில் திரை தயார். எல்லாம் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் பைட். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் நாற்பத்தேழு எழுந்து நின்றது. அழகாக.

எட்டாம் நாள் மேனேஜரை அழைத்தேன். புது கேட், மூன்றாம் மேடை. அக்கா சிலேட்டோடு நின்றார். டிரைவர்கள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். பென் டிரைவைச் சொருகி சுவிட்சைப் போட்டேன்.

திரை நிறைய சிரிக்கிற முகங்கள் வந்தன. நடுநடுவே இதயக் குறிகள். டயமண்டுகள். பிறகு ஒரு 'பீப்' சத்தம்.

மீசைக்காரர், "என்ன தம்பி, லாரிக்கு லவ் லெட்டரா?" என்றார். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது.

"எண்ணத் தட்டிப் பாருங்க" என்றார் மேனேஜர், சிரிக்காமல்.

நாற்பத்தேழு தட்டினேன். எறும்புப் புற்றை மிதித்ததுபோல ஏதோ ஒன்று திரையில் சிதறியது. அதே பென் டிரைவை ஆபீசுக்கு ஓடிப்போய்ச் சொருகினேன். நாற்பத்தேழு. அழகாக. திரும்ப மேடை. இதயம், சிரித்த முகம். மற்ற மேடைகளிலும் அப்படியே.

"நாலு நாளு இருக்கு" என்றார் மேனேஜர். "முடியலேன்னா சொல்லிடுங்க. தப்பில்ல. புதுசா வர்றவர நான் இன்னும் நிறுத்தல."

அக்கா சிலேட்டில் எழுதிக் காட்டினார். 'முகம் சிரிக்கத்தானே செய்கிறது. அழவில்லையே.' தேற்றுகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் திரும்பி நடந்தவர், கூப்பிடுகிற மூட்டை அடுக்கை ஒரு நிமிடம் நின்று பார்த்ததை நான் கவனித்தேன்.

அடுத்த நாள் முழுதும் பெட்டியைச் சந்தேகப்பட்டேன். பெட்டியைத் திறந்து ஊதித் துடைத்தேன். கேபிளை மாற்றினேன். கீபோர்டை மாற்றினேன். என் முடி, இமை எல்லாம் மாவு. தையல் மாமா பார்த்துவிட்டு, "ஒரே நாள்ல கெழவனாயிட்டியே மாப்ள" என்றார். இதயங்கள் மட்டும் மாறவே இல்லை. நிரலைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆபீசில் ஓடுகிற நிரலில் என்ன தப்பு இருக்க முடியும்? படித்தவனுக்கே வருகிற நம்பிக்கை அது.

பத்தாம் நாள் மத்தியானம். தொண்டை சுத்தமாகப் போயிருந்தது. அக்காவின் நீளமான ராகத்தை நான் இரண்டு நாளாகவே சுருக்கியிருந்தேன். கேட்டைச் சொல்வதை விட்டுவிட்டேன். புது கேட் வரிசையில் நிற்கிற லாரிக்குப் புது கேட் என்று சொல்வானேன்? மிச்சமாகிற மூச்சு மிச்சம். காலையெல்லாம் சரியாகவே நடந்தது. லாரிகள் தங்கள் பக்கத்து மேடைக்கே போயின.

அக்கா சிலேட்டில் காட்டினார். 'புது கேட். மூன்று. ஐம்பத்திரண்டு.'

"மூணு... டோக்கன் அம்பத்திரண்டு!" என்று கத்தினேன்.

ஐம்பத்திரண்டாம் டோக்கன்காரர் அந்த நேரத்தில் புது கேட் வரிசையை விட்டு, பழைய கேட் பக்கத்து நிழலுக்கு வண்டியைத் தள்ளி நிறுத்தியிருந்தார். எனக்குத் தெரியாது. அவருக்குப் பக்கத்தில் ஒரு மூன்றாம் மேடை இருந்தது. நேரே அதை நோக்கித் திருப்பினார். அதே மேடையை நோக்கி மீசைக்காரர் தம் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பிரேக் அலறியது. பக்கக் கண்ணாடி ஒன்று நொறுங்கி விழுந்தது. இருவரும் கீழே குதித்தார்கள்.

"கண்ணு என்ன பின்னந்தலையிலயா இருக்கு?" மீசைக்காரர்.

"மூணுன்னு கூப்பிட்டாங்க, வந்தேன்! இது மூணு இல்லாம முப்பதா?"

"எனக்குக் காலையிலயே குடுத்த மூணுய்யா இது!"

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து ஓடி வந்தார். அவர் வாய் திறந்தது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கண் மட்டும் கத்தியது. சிலேட்டில் பல்பம் உடைகிற வேகத்தில் எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

'எந்த கேட்டிலிருந்து மூன்று?'

நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஓர் இடத்தைச் சொல்ல, அந்த ஆரம்ப நிலையில், இரண்டு எண் வேண்டும். எந்தப் பகுதியிலிருந்து எண்ணுவது என்று ஒன்று. அதிலிருந்து எத்தனையாவது என்று இன்னொன்று. பகுதியை வைத்துக்கொள்வதற்கு டி.எஸ். என்று சில்லுக்குள் ஓர் இடம் உண்டு. நான் என் எழுத்துகளும் இலக்கப் பட்டியலும் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் எழுதியிருந்தேன். எந்தப் பகுதியிலிருந்து என்று எழுதவே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது டி.எஸ்.ஸில் தற்செயலாகப் பூஜ்யம் இருந்திருக்கிறது. எனக்கு வேண்டியதும் பூஜ்யம்தான். அதனால் எல்லாம் அழகாக வந்தது. மேடைக் கம்ப்யூட்டர்களில் அங்கே வேறு ஏதோ எண். என் நிரல் பக்கத்தில் இருந்த வேறொரு மூன்றாம் மேடைக்குப் போய், அங்கே கிடந்த குப்பையை எடுத்துத் திரையில் கொட்டியிருக்கிறது. சிரித்த முகமும் இதயமும் அந்தக் குப்பை.

"அக்கா, சிலேட்ட குடுங்க" என்றேன்.

அதன் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதினேன். ஒன்று, சில்லுக்குள் ஓர் இடத்தைப் பூஜ்யமாக்கு. இரண்டு, அதை டி.எஸ்.ஸில் வை. அக்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கேட்ட சொல்லாம விட்டுட்டேங்கா. இங்கயும் சொல்லல, அங்கயும் சொல்லல" என்றேன். அவருக்கு அது புரிந்ததா என்று அப்போது கேட்க நேரமில்லை. உடைந்த கண்ணாடிக்குப் பதில் கேட்டு நின்ற இரண்டு டிரைவர்களிடமும் முதலில் கைகூப்பினேன். கண்ணாடி என் பொறுப்பு என்றேன். பிறகு மேலே ஏறி, மிச்சமிருந்த மதியம் முழுதும், தொண்டை கிழிந்தாலும் சரி என்று, கேட்டை முதலில் சொல்லிக் கத்தினேன்.

இரண்டு வரிக்கு நான்கு பைட். மறுநாள் காலை முதல் லாரிக்கு முன்பே மூன்றாம் மேடையில் சொருகினேன். யாரையும் அழைக்கவில்லை. ஆனாலும் அக்கா எப்படியோ வந்து நின்றார். சுவிட்சைப் போட்டேன். தலையில் கேட்டின் பெயர், மேடை எண். ஐம்பத்திரண்டு தட்டினேன். ஐம்பத்திரண்டு வந்தது. ஆபீசில் வந்ததைவிடப் பெரிதாக எனக்குத் தெரிந்தது.

அக்கா திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையில் இருந்த சின்ன வரியைச் சுட்டுவிரலால் தொட்டுக் காட்டினார். முதலில் கேட். அடுத்து மேடை. அப்புறம் டோக்கன். அவருடைய வரிசை. நான் யோசித்து அப்படி வைக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை வருடம் கேட்ட காது தானாக அப்படி எழுதியிருக்கிறது.

சாயங்காலத்துக்குள் எட்டுத் திரையும் எரிந்தன. மேனேஜர் ஒவ்வொரு மேடையாக நடந்து ஒவ்வொன்றிலும் தாமே ஓர் எண்ணைத் தட்டிப் பார்த்தார். அவர் பாணி அது. எட்டாவது மேடையில் நின்று, "வர்றவருக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தையல் மாமா பெருமூச்சு விட்டு, "அப்ப என் பக்கத்துல வந்து உக்கார மாட்டா" என்றார். அதில் வருத்தம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு முற்றம் அமைதியானது. அக்கா நடுவில் நிற்பார். மேடை காலி என்று கை தூக்குகிற ஆளுக்கு சிலேட்டை உயர்த்திக் காட்டுவார். அவர் தட்டுவார். திரையில் எண் எழும். டிரைவர்கள் வண்டியிலிருந்தே தலை திருப்பிப் பார்ப்பார்கள். தூங்குகிறவரை எழுப்ப மட்டும் பக்கத்து டிரைவர் கதவைத் தட்ட வேண்டும். ஒருநாள் மீசைக்காரர், "அக்கா, நீங்க பேசாம இருக்குறது நல்லாத்தான் இருக்கு. ஆனா காது சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். அக்கா சிலேட்டில் 'திட்டு சேமிப்பில் இருக்கிறது, வட்டியோடு வரும்' என்று எழுதிக் காட்டினார்.

ஆறு வாரம் முடிந்து டாக்டரைப் பார்த்துவிட்டு அக்கா வேலைக்கு வந்த காலையில் முற்றத்தில் ஒரு பந்தயமே நடந்துகொண்டிருந்தது. முதல் வார்த்தை என்னவாக இருக்கும்? மேனேஜருக்கு நன்றி என்றார்கள் சிலர். மாமாவுக்குத் திட்டு என்றார்கள் பலர். 'புது கேட்டூ' என்று ஒரு தரமாவது கூப்பிடுவார் என்று மீசைக்காரர் அடித்துச் சொன்னார். காய்ப்பு கரைந்துவிட்டது, பேசலாம், கத்த மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை மாமா எங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. புது கேட் மூன்றாம் மேடைக்கு எதிரே போய் நின்றார். திரையில் நாற்பத்துநான்கு இருந்தது. இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"தம்பி, ஒன் நாலுக்குக் கால் கோணலா இருக்கு."

குரல் பழைய கணீர் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அடங்கியது. ஆனால் அவருடையதுதான். பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. அந்த அளவு போதும். இப்போது அதற்கு மேல் தேவையும் இல்லை.

"கோணலா? எங்கக்கா?"

"கீழ பாரு. ஒடஞ்ச நாற்காலி மாதிரி. ஆறு வாரமா பாத்துக்கிட்டே இருக்கேன். எழுதிக் காட்டலாம்னா சிலேட்டுல எடமில்ல, அவ்வளவு திட்டு இருந்துச்சு."

முற்றம் சிரித்தது. யாரும் பந்தயத்தில் ஜெயிக்கவில்லை.

அவர் சொன்னது சரி. நான்கு என்கிற இலக்கத்தின் நான்காவது வரிசையில் ஒரு கட்டம் உள்பக்கம் தள்ளி வைத்திருந்தேன். ஒரே ஒரு பைட். அன்று சாப்பாட்டு இடைவேளையில் அதை மாற்றி, எட்டுப் பென் டிரைவிலும் புதிதாக எழுதி, பழைய கேட்டிலிருந்து தொடங்கி எட்டு மேடைக்கும் நடந்து சொருகிவிட்டு வந்தேன். கடைசி மேடையில் அக்கா காத்திருந்தார். நாற்பத்துநான்கைத் தட்டச் சொன்னார். தட்டினேன்.

"ம்" என்றார். "இப்ப நிக்குது." சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த லாரியைப் பார்க்கப் போனார்.